பத்து விரலும் பொருந்திய ஆள்

"உங்க வீட்டுக்காரர் கிடைச்சுட்டாரும்மா" என்று போனில் ஒரு ஆண் குரல் சொன்னபோது நான் கோழிப்பண்ணை குடோனில் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இந்த ஏழு வருஷத்தில் இப்படி எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள்! பழனியில் படியேறிக்கொண்டிருந்தார் என்று ஒருத்தி சொன்னாள். திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று இன்னொருத்தர். வெற்றிலையில் மை தடவிப் பார்த்த ஒரு ஆள், கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்து, வடக்கே இருக்கிறார் என்றான். வடக்கே போன மனுஷன் வடக்கே இருக்கிறார் என்று சொல்வதற்கு மை எதற்கு? அதை நானே சொல்வேனே.

"யாருங்க நீங்க? உங்களுக்கு வேற பொழப்பே இல்லீங்களா?" என்றேன்.

அந்த ஆள் கோபித்துக்கொள்ளவில்லை. தன் பெயர் பாலசுந்தரம் என்றும், சேலத்துக்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டில் இருக்கும் ஒரு ஹோமில் மேனேஜர் என்றும் சொன்னார். ரோட்டில் திரிகிறவர்கள், பெயர் ஊர் மறந்தவர்கள் எல்லோரையும் போலீஸ் கொண்டுவந்து விடுகிற இடமாம் அது.

"பேர் மாதேஸ்வரன். திருச்செங்கோடு பக்கம். ரிக் வண்டியில டிரில்லர். சம்சாரம் பேர் ஜோதி. எல்லாம் சரியாம்மா? அவரா ஒண்ணும் சொல்லலை. கைரேகைதான் சொல்லிச்சு. பத்து விரலும் பொருந்துது, கண்ணும் பொருந்துது."

என் கையிலிருந்த அட்டை கீழே போனது. ஒரு அட்டை முட்டை. சூப்பர்வைசர் ஓடி வந்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

எங்கள் பக்கத்தில் ரிக் வண்டிக்குப் போகிறவன் பெண்டாட்டிக்குப் புருஷன் என்பவன் வருஷத்தில் இரண்டு மாதம்தான். மழைக்காலத்தில் வண்டி ஊருக்கு வரும், ஆயுத பூஜை முடிந்ததும் வடக்கே கிளம்பிவிடும். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுவார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால், கடைசியாகப் போனபோது அவருக்கு அங்கே மலேரியா வந்தது. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, என்னென்னவோ உளறுகிறார் என்று வண்டிக்காரர் போன் செய்தார். துணைக்கு ரிக்கில் சமையல் செய்யும் காத்தானை அனுப்பி, இட்டார்சியில் ரயிலேற்றிவிட்டதாகச் சொன்னார். நான் சேலம் ஜங்ஷனில் நின்றேன். ரயில் வந்தது. அவரும் இறங்கவில்லை, காத்தானும் இறங்கவில்லை. அவரைக் காணோம் என்று நான் போலீசில் புகார் கொடுத்தேன். காத்தானுக்கு அப்பா அம்மா, பெண்டாட்டி பிள்ளை யாரும் கிடையாது. அவனைக் காணோம் என்று யாரும் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் இரண்டுங்கெட்டான் ஆகிவிட்டேன். கல்யாண வீட்டில் குங்குமத் தட்டோடு வரிசையாக வருகிற பெண் என் முன்னால் வந்ததும் ஒரு நொடி நிற்பாள். வைப்பதா, தாண்டிப் போவதா என்று அவளுக்குத் தெரியாது. பாவம், அவள் என்ன செய்வாள்! நானே எடுத்து வைத்துக்கொள்வேன். சில நாள் எரிச்சலில் தட்டைத் தள்ளியும் விட்டிருக்கிறேன். அப்புறம் கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டேன். வேலைக்குப் போவேன், வருவேன், ஒரு டம்ளர் அரிசி போட்டு ஆக்குவேன். டிவியை வைத்துவிட்டு அடுப்படியில் நிற்பேன். வீட்டில் ஒரு ஆள் பேச்சுக் கேட்டால் போதும் என்றிருக்கும்.

மகள் சத்யபிரியா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் வந்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அம்மா, ஏழு வருசமாயிருச்சு. அப்பா இல்லைன்னு கோர்ட்டுல எழுதி வாங்கிக்கலாமா? ஒரு சாங்கியத்தச் செஞ்சு முடிச்சரலாம். நீயும் எத்தன நாளைக்குத்தான் இப்படியே இருப்ப?" அவள் அன்பாகத்தான் சொன்னாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதனால் இந்த போன் வந்ததை அவளிடம் சொல்லவில்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து போனை அவர் காதில் வைத்து, பேசுங்க உங்க மககிட்ட என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவருடைய வேட்டி, நீலக் கட்டம் போட்ட சட்டை, ஒரு துண்டு எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சங்ககிரி தாண்டும்வரை என்ன பேசுவது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். கட்டிக்கொண்டு அழுகிற ரகம் இல்லை நான். முதலில் நன்றாகத் திட்ட வேண்டும். ஏனுங்க, ஒரு போன் பண்ண நேரமில்லையா உங்களுக்கு? நான் என்ன மரமா மட்டையா? இப்படி ஆரம்பித்து, அவர் வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டு "செரி உடு புள்ள" என்று சொல்வதுவரை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பெண் என்னை ஒருமாதிரி பார்த்தாள். வாய்விட்டே பேசிவிட்டேன் போலிருக்கிறது. சேலத்தில் இறங்கி ஆத்தூர் பஸ்ஸில் மாறினேன். இரண்டு மூன்று மணி நேரப் பயணம், அவ்வளவுதான். இவ்வளவு பக்கத்திலா இருந்தார் என்று நினைக்க நினைக்க வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஹோம் என்பது பழைய அரிசி மில். நெல் காயப்போடுகிற களத்தில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலடியில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பாலசுந்தரம் வெளியே வந்து என்னை ஆபீஸ் அறைக்குள் கூட்டிப்போனார். அறுபது வயதை நெருங்குகிற மனுஷன், சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை அவருக்கு.

"முதல்ல ஒரு காபி குடிங்கம்மா. நீங்கதான் எங்களுக்கு முதல் ஆளு."

என்ன முதல் ஆள் என்று கேட்டேன். அவர் நிதானமாக விளக்கினார். ஹோமில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி காப்பீடு வாங்குவதற்காக ஆதார் எடுப்பார்களாம். சிலருக்கு மெஷின், இந்த விரல் ஏற்கனவே இருக்கிறது என்று தள்ளிவிடுமாம்.

"மத்த எடத்துல ரிஜெக்ட் ஆனா அழுவாங்க. எங்களுக்கு ரிஜெக்ட் ஆனாத்தான் சந்தோஷம். ஏன்னா இந்த ஆளுக்கு ஏற்கனவே ஒரு நம்பர் இருக்கு. நம்பர் இருந்தா ஒரு பேர் இருக்கு, ஒரு வீடு இருக்கு. இத்தனை நாளா அதோட நின்னுடும். யார் நம்பர்னு தெரியறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிடும். இப்போ சோதனையா எங்க ஹோம்ல ஆரம்பிச்சிருக்காங்க. இங்க வைக்கிற விரல் ஆதார், ரேஷன், காணாமப்போனவங்க புகார்னு மூணு இடத்துலயும் ஒண்ணா ஓடிப் பாக்கும். உங்க வீட்டுக்காரருக்கு மூணு இடத்துலயும் ஒரே பதில்மா. மாதேஸ்வரன்."

காபி டம்ளரைத் தள்ளி வைத்தேன். "ஆளக் காட்டுங்க மொதல்ல" என்றேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். தலையில அடிபட்டிருக்கு, நினைவு சரியா இல்லை. ஆனா பேர் நினைவிருக்கு. பேர் தெரிஞ்ச அன்னிக்கு மாதேஸ்வரன்னு கூப்பிட்டோம் பாருங்க, சட்டுனு எழுந்து வாசல் கேட்டுக்கிட்ட ஓடினார். எங்களுக்கெல்லாம் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

களத்துக்கு வந்தோம். அங்கே வேலை செய்யும் வெண்ணிலா என்ற பெண் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், வீடியோ எடுக்க. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அப்போது சண்டை போடும் நிலைமையில் நான் இல்லை. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன்.

"மாதேஸ்வரன்!" என்று கூப்பிட்டார் பாலசுந்தரம்.

பந்தலின் கடைசியிலிருந்து ஒரு ஆள் எழுந்தான். எங்களைப் பார்க்கவில்லை. கேட்டுப் பக்கம் வேகவேகமாகப் போய் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பி வந்தான். நான் அவனுக்குப் பின்னால் இன்னொரு ஆள் வருவார் என்று எட்டிப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

மொட்டைத் தலை, குச்சி மாதிரி கை கால். முன்கையில் எண்ணெய் கொட்டி வெந்த தழும்பு. ஒரு ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டுப் பின்னால் அண்டா வைத்து ரிக் ஆட்கள் எல்லோருக்கும் பிரியாணி ஆக்கிப் போட்ட கை அது.

"இவரில்லீங்க" என்றேன். "இவன் காத்தான்."

வெண்ணிலா போனைக் கீழே இறக்கினாள்.

பாலசுந்தரம் சிரித்தார். "அப்படித்தாம்மா தோணும். ஏழு வருஷம் ரோட்டுல கிடந்தா ஆளே மாறிடும். நல்லாப் பாருங்க."

"நல்லாத்தானுங்க பாக்கறேன். இவன் காத்தான். எம்புருசங்கூட சமையலுக்குப் போனவன்."

அவர் முகத்தில் சிரிப்பு போய் வேறு ஒன்று வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேண்டாம்னு சொல்ற வீடும் இருக்கும்மா. ஊர்ல வேற மாதிரி வாழ்க்கை அமைஞ்சிருக்கும், இப்போ போய் இவரைக் கூட்டிட்டுப் போனா தொல்லைன்னு நினைப்பாங்க. நான் யாரையும் தப்பா நினைக்கறதில்லை."

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "யாருங்க வேண்டாங்கறது? நானா? எங்க ஊட்டுக் கதவு நெலையில அவருக்குத் தலை இடிக்கும்ங்க. கல்யாணமான நாள்ல இருந்து இடிச்சுட்டேதான் உள்ள வருவாரு. இவன் எந்தோளுக்கு வாரான். அளந்து பாருங்க வேணும்னா! நான் பையில வேட்டி சட்டை எடுத்துட்டு வந்துருக்கறேன், பாருங்க, வேண்டாங்கறவளா இதையெல்லாம் தூக்கிட்டு வருவா?" பையைத் தரையில் கொட்டினேன். சட்டை புழுதியில் விழுந்தது. அதைப் பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டு, எடுத்து உதறி மடித்தேன். அழுகை வந்தது. யாரும் பக்கத்தில் வரவில்லை.

பாலசுந்தரம் என்னை உள்ளே அழைத்துப்போய் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அதில் அவர் இருந்தார். என் வீட்டுக்காரர். தடித்த மீசை, எண்ணெய் வைத்து வாரிய தலை, போட்டோ எடுக்கிறார்கள் என்றால் முறைத்துக்கொண்டு நிற்பாரே, அதே முறைப்பு.

"இதானுங்க அவரு."

"போட்டோ சரிம்மா. மீசையை எடுத்து, மொட்டையடிச்சு, பட்டினி கிடந்தா இப்படி ஆகியிருப்பார்னு நாங்க நினைச்சோம். ரேகை பொய் சொல்லாதே." அவர் இப்போது என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நான் ஜெயபிரகாஷுக்குப் போன் போட்டேன். அதே ரிக்கில் ஹெல்ப்பராக இருந்தவன், இப்போது சங்ககிரியில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"காத்தானா? உசுரோட இருக்கறானாக்கா?" என்று கத்தினான். பிறகு சிரித்தான். "அட ஆமாக்கா! அவுனோட ரேகைதான் அது. உங்களுக்குத் தெரியாதா?"

"எதுடா தெரியாதாங்கற?"

"அன்னிக்கு ரிக் ஆபீஸ்லயே ஆதார் கேம்ப் போட்டாங்கக்கா. வண்டிக்குப் பூசை முடிஞ்சு, டயருக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. ராகு காலத்துக்கு முந்தி வண்டி நகரோணும். பழம் வெச்ச வண்டிய நிறுத்தக் கூடாதுல்லக்கா. அண்ணன் விரல மெஷின் வாங்கவே மாட்டேங்குது. போர் போடற இரும்பு ராடு மாத்தி மாத்தி அவருக்கு ரேகையே தேஞ்சு போச்சு. கண்ணும் கல்லுத்தூசியில செவந்து கெடந்துச்சு. மேனேஜரு அங்க சத்தம் போடறாரு. கேம்ப்புக்காரன் பாத்தான், போட்டோ மட்டும் அவருது எடுத்துக்கறேன், விரலு யாராச்சும் வந்து வைங்கன்னுட்டான். காத்தான் மாவு பெசையற கையி, வெச்சதும் பச்சுனு புடிச்சுக்கிச்சு. கண்ணையும் அவனே காட்டுனான். எல்லாரும் சிரிச்சுட்டு வண்டி ஏறிட்டோம். அதுக்கப்பறம் அவுனுக்குன்னு எடுக்கப் போனா எங்க போனாலும் ரிஜெக்ட்டு. நாந்தான் மாதேஸண்ணனுங்கன்னு அவனே சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்..."

அவன் சிரிப்பு மெல்ல நின்றது. "அக்கா... அப்ப அண்ணன் வரலீங்களா?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

ராகு காலத்துக்கு முன்னால் வண்டி நகர்ந்துவிட்டது. என்ன கெட்டிக்காரத்தனம்! என் புருஷன் ஒருத்தர்தான் எதிலும் பதியாமல் போய்விட்டார். இத்தனை ஆண்பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வண்டியேறினார்களே, ஒருத்தனுக்காவது வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லத் தோன்றியதா? அவரும்தான் சொன்னாரா?

பாலசுந்தரம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருக்கு என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப எம்புருசன் இதே மாதிரி ஏதோ ஒரு ஊர்ல, ஏதோ ஒரு ஹோம்ல இருக்கறாருன்னு வெச்சுக்கங்க. அவரு விரல வெச்சா என்னங்க ஆகும்?" என்று கேட்டேன்.

"இந்நேரம் ரேகை தெளிஞ்சிருக்கும். ராடு தொடாம இருந்தா தோல் வளர்ந்துடும்..." என்று இழுத்தார்.

"வளந்திருக்கட்டுங்க. வெச்சா?"

"ரிஜெக்ட் ஆகாதும்மா. புது ஆள்னு எடுத்துக்கும். அவங்க என்ன பேர் வெச்சுக் கூப்பிடறாங்களோ, அந்தப் பேர்ல நம்பர் குடுத்துடும்."

ரிஜெக்ட் ஆனால் வீடு இருக்கிறது என்று அர்த்தம் என்றாரே இந்த மனுஷன். என் புருஷனை அந்த மெஷின் முதல் தடவையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும். வீடும் இல்லாத, ஊரும் இல்லாத, பெண்டாட்டியும் இல்லாத ஆளாக.

"சரி, தப்பாப் போச்சு. இவன் ரேகைய எடுத்துப்போட்டு அவரு ரேகையப் போட்டுருங்க."

"அதுக்கு அவரே நேர்ல வரணும்மா."

சிரித்துவிட்டேன். நிஜமாகவே சிரித்தேன். "அவரு நேர்ல வந்துட்டாருன்னா நான் எதுக்குங்க உங்களத் தேடி வாரேன்?"

அவர் சிரிக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது என்றார். ரேகை பொருந்திய அன்றே போலீஸ் புகார் தானாக முடிந்துவிட்டதாம். ஆள் கிடைத்துவிட்டார் என்று போட்டு மூடிவிட்டதாம். ஒன்றோடொன்று இணைத்திருப்பதால் யாரும் கைவைக்காமலே நடந்துவிட்டது. இது அவர் இல்லை என்று நான் எழுதிக்கொடுத்தால் புகாரை மறுபடி திறக்கலாம். ஆனால் ரேகை தப்பு என்று தெரிந்த நம்பரை நிறுத்திவிடுவார்கள். நம்பர் நின்றால் அதிலுள்ள போட்டோவும் தேடுதலுக்கு ஆகாது.

"எழுதிக் குடுக்கலைன்னா?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "யாரும் கேக்க மாட்டாங்கம்மா. இவருக்கு நெஞ்செல்லாம் சளி, நுரையீரல் ரொம்ப மோசம். இங்கயே வச்சுப் பாத்துக்குவோம். நாளைக்கே ஏதாவது ஆச்சுன்னா மாதேஸ்வரன் இறந்துட்டார்னு எல்லா இடத்துலயும் பதிவாயிடும். உங்களுக்கும் ஒரு முடிவு தெரிஞ்ச மாதிரி இருக்கும். கெட்ட எண்ணத்துல சொல்லலை. தினமும் காத்துக்கிட்டிருக்கறவங்களைப் பாத்துப் பாத்துச் சொல்றேன்."

அவர் மேல் கோபம் வரவில்லை. வரவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குங்குமத் தட்டு என் முன்னால் நிற்காது. சத்யபிரியா நிம்மதியாக இருப்பாள். ஒரு டம்ளர் அரிசி போடும்போது, கூட அரை டம்ளர் போடலாமா என்று இனி கை யோசிக்காது. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், பேசாமல் எழுந்து பஸ் ஏறினால் போதும். அந்த நாற்காலியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடு, போய்விடு என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

எழுந்தேன். ஆனால் போகிறபோக்கில் காத்தானை ஒரு வார்த்தை கேட்காமல் போக முடியவில்லை. கடைசியாக அவரோடு இருந்தவன் அவன்தானே.

பந்தலில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூச்சு விடுவதே பெரிய வேலையாக இருந்தது அவனுக்கு. என்னைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சாப்டீங்களாக்கா?" என்றான்.

தெரிந்துதான் கேட்டானா, யாரைப் பார்த்தாலும் கேட்பானா, தெரியாது. "சாப்டன் சாமி" என்றேன். "காத்தா, அண்ணன் எங்கடா?"

"அதானுங்க. அண்ணன் இன்னும் வரலீங்க. இவீக அடிக்கடி பேரச் சொல்லிக் கூப்புடறாங்க. வந்துட்டாருன்னு கேட்டுல போயிப் பாத்தா ஆளக் காணமுங்க."

வெண்ணிலா எங்கள் பின்னால் நின்றிருந்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் மெல்ல மெல்லக் கேட்டேன். கொஞ்சம் சொல்வான், அப்புறம் எங்கேயோ போய்விடுவான், மறுபடி வருவான். ரயிலில் அவருக்கு உடம்பு கொதித்ததாம். தண்ணி தண்ணி என்றாராம். இவன் எழுந்திருப்பதற்குள் அவரே பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாராம்.

"எந்த ஸ்டேசன்டா?"

"மஞ்சக் கலர்ல கொழாயிங்க. ரயிலு நகந்துருச்சு. நான் அடுத்த ஸ்டேசன்ல எறங்கி நடந்து போனனுங்க. அங்க ஆளில்லீங்க. அப்பறம் இந்தப் பக்கம் நடந்தன். அந்தப் பக்கம் நடந்தன். ஊட்டுக்கு வரலீங்களா அண்ணன்?"

தண்டவாளம் பிடித்து நடந்திருக்கிறான். மொழி தெரியாத ஊரில், என் புருஷனைத் தேடிக்கொண்டு. யார் அடித்தார்களோ, எங்கே விழுந்தானோ. நான் புகார் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன், இவன்தான் தேடியிருக்கிறான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னைத் தவிர உலகத்தில் இன்னொரு உயிர் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. இவன் செத்தால் அவர் செத்தார் என்று எழுதிக்கொள்ளவா நான் பேசாமல் பஸ் ஏறுவது? த்தூ!

"எழுதிக்கங்கம்மா" என்றேன் வெண்ணிலாவிடம். "இது எம்புருசன் இல்ல. இவம் பேரு காத்தான். புகார மறுபடி தொறக்கச் சொல்லுங்க."

பாலசுந்தரம் வந்து எதிரில் உட்கார்ந்தார். ஒன்றும் வாதாடவில்லை. "ரேகை இல்லைன்னா அங்க அடையாளம்தான்மா. எவ்வளவு விவரமா சொல்றீங்களோ அவ்வளவு நல்லது" என்றார். வெண்ணிலா மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டாள்.

உயரம் சொன்னேன், நிறம் சொன்னேன். கதவு நிலையில் இடித்து இடித்து நெற்றியில் கறுத்துப் போயிருப்பதைச் சொன்னேன்.

"மச்சம்?"

"இடது தோள்ல, பின்பக்கம்."

"வலதுங்க" என்றான் காத்தான்.

"இடதுடா. எனக்குத் தெரியாதா?"

"வலதுங்கக்கா. சட்டையில்லாமத்தான ராடு தூக்குவாரு. தெனமும் பாப்பனுங்களே."

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன், தோள் வந்தது, எந்தத் தோள் என்று வரவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு சமையல்காரன் மேல், தன் பெயரையே சொல்லத் தெரியாதவன் மேல் பொறாமை. வருஷத்தில் பத்து மாதம் அவரோடு இருந்தவன் அவன்தான். அவருக்கு எது பிடிக்கும், எப்படித் தூங்குவார் எல்லாம் அவனுக்குத்தான் தெரியும். இத்தனை வருஷக் கல்யாணத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் அவரோடு வாழ்ந்தது எவ்வளவு!

"வலதுன்னே போடுங்க" என்றேன்.

"பல்லு எப்படிங்க?" என்றாள் வெண்ணிலா.

இது எனக்கு நன்றாகத் தெரியும். பெண் பார்க்க வந்தபோது நான் முதலில் பார்த்ததே அதைத்தான். "வரிசையா இருக்கும்மா. ஒரு பல்லுகூடப் போகல. சிரிச்சா அவ்வளவு அழகா இருக்கும்."

காத்தான் தலையை ஆட்டினான். "முன்பல்லு ரெண்டும் இல்லீங்களே."

"என்னடா சொல்ற?"

"ராடு தெறிச்சு வாயில அடிச்சிருச்சுங்க. ஒரே ரத்தம். காச்சலுக்கு முந்தி. ஊட்டுக்குச் சொல்லீராதடான்னாரு. ஜோதி அழுவா, ஊருக்குப் போறப்ப பல்லுக் கட்டிக்கிட்டுத்தான் போவேன்னாருங்க." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான்.

வெண்ணிலா என்னைப் பார்த்தாள். எழுதட்டுமா என்று கேட்கிறாள் என்று புரிந்தது. தலையை ஆட்டினேன்.

ஏழு வருஷமாக நான் பார்க்காத முகம் இல்லை. சேலம் பஸ் ஸ்டாண்டில், ஈரோடு ஜங்ஷனில், கோவில் வாசல்களில், அழுக்கு மூட்டையோடு உட்கார்ந்திருக்கிற ஒருத்தரையும் விடமாட்டேன். குனிந்து முகத்தைப் பார்ப்பேன். சில பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பல் போன வாயாக இருந்தால், இது நம் ஆள் இல்லை என்று உடனே தாண்டிப் போய்விடுவேன்.